பத்துக்குப் பத்து கொடுத்த புண்ணியவான்கள்

அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பெரிய மனுஷர், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், எங்கள் கார் பார்க்கில் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு நைலான் கயிற்றுக்கு முன்னால் பக்தியோடு நின்றார்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். நீல நைலான் கயிறு. ஹார்ட்வேர் கடை வாசலில் சுருள் சுருளாகத் தொங்குமே, அதேதான். எங்கள் கஸ்டமர் அந்தோணி அண்ணனுடைய பிக்கப் வண்டியின் பின் கதவை இழுத்துப் பிடித்துக் கட்டியிருந்தது.

பக்கத்தில் எங்கள் மேனேஜர் செல்வராஜா, பேதி மாத்திரை சாப்பிட்டவர் மாதிரி ஒரு முகத்தோடு. அவருக்குப் பக்கத்தில் நான். வயிற்றிலிருந்து கிளம்பின சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்து உள்ளே தள்ளினேன். எங்கள் பிராஞ்ச் இருக்குமா, இழுத்து மூடுவார்களா என்று முடிவாகிற நாள் அது. சிரிக்கிற நாளா?

கவுண்டர் ஜெயா

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஜெயா. அசாம் ஜாவா மெயின் ரோட்டில், ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பிக்கப் வண்டிகளை விற்று, ரிப்பேரும் பார்க்கிற பிராஞ்சில் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். எந்தக் கம்பெனி என்று போன் போட்டுக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கம் பிக்கப் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. புக்கிட் ரோத்தானில் அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் எண்ணெய்ச் செம்பனை வைத்திருக்கும் நம்மாட்கள் பழக்குலை ஏற்றுவார்கள். செகிஞ்சான் சீனர்கள் நெல்லுக்கு உரம் ஏற்றுவார்கள். கடற்கரைப் பக்கத்து மலாய்க்காரர்கள் தேங்காயும் மீனும் ஏற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியைக் கழுவி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவார்கள்.

வண்டி சர்வீஸ் முடிந்து வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில், கோலாலம்பூரிலிருந்து ஒரு பொண்ணு போன் பண்ணும். "சேவை எப்படி? பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க? வண்டி எப்படி? பத்துக்கு எத்தனை?" மார்க் குறைந்தால் மறுநாளே மேனேஜருக்கு ஈமெயில் வரும். "ஏன் குறைந்தது? யார் பொறுப்பு?"

இந்த விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்துபோச்சு. அதுதான் வினை.

அந்தப் பொண்ணு கேள்வியை முடிப்பதற்குள்ளேயே எங்கள் சனங்கள் "டென்! டென்! ஆல் டென்!" என்று கத்திவிட்டு போனை வைத்துவிடுவார்கள். தேங்காய்த் தோட்டம் வைத்திருக்கும் பாக் சானி, பாவம், நல்ல மனுஷர். ஒருதரம் "பதினொண்ணு கொடுக்கலாமா?" என்று கேட்டு அந்தப் பொண்ணைத் திக்குமுக்காட வைத்துவிட்டார்.

எல்லாம் எனக்காக. "ஜெயா நம்ம பிள்ளை. அது வேலைக்கு நம்மால வேட்டு வரக்கூடாது."

குறை எங்கே போகும்?

அப்படியென்றால் குறையே இல்லையா என்றால், அடேயப்பா! குறை போனில் வராது, பந்தியில் வரும்.

கல்யாண வீட்டில் இலை போட்டு, சோறு வந்து, ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருப்பேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல். "தங்கச்சி, என்ன வண்டி விக்கிறீங்க நீங்க? அந்தப் பின் கதவு சனியன் சாத்தினா நிக்கவே மாட்டேங்குது. நேத்து ரோட்டுல நாலு குலை விழுந்து, பின்னால வந்த மோட்டார்க்காரன் என் பரம்பரையையே திட்டிட்டுப் போறான்."

அந்தோணி அண்ணன்தான். புக்கிட் ரோத்தான்காரர். ஜெபக் கூட்டத்துக்குத் தலைவர். ஆள் தேக்குமரம், மனசு வெண்ணெய்.

"போன வாரம் போன் வந்துச்சே, அப்பச் சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சேச்சே! அது எப்படி சொல்றது? உன்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடாதா? பத்துன்னு சொல்லிட்டேன் லா. நீ சாப்பிடு."

மாதா திருவிழாவில், துக்க வீட்டில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் வாங்க நிற்கிற இடத்தில், எங்கே போனாலும் எனக்கு இந்தப் பின் கதவுப் புராணம்தான். உதிர்ந்த செம்பனைப் பழம் உருண்டு போய் கதவுக் கொக்கிக்குள் விழும். அடுத்த குலை அதன்மேல் உட்கார்ந்து நசுக்கும். எண்ணெயும் நாரும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போனால் கொக்கி பிடிக்காது. செகிஞ்சானில் அதே கதை உரத்தூளால். கடைசியில் ஆளாளுக்குக் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

நான் போய் மேனேஜரிடம் சொல்வேன். ஒருதரமல்ல, பலதரம். அவர் சுவரைக் காட்டுவார். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நாட்டிலேயே அதிக மார்க் வாங்கிய பிராஞ்ச் நாங்கள்தான்.

"இதப் பாரு ஜெயா. பத்துக்குப் பத்து. கல்யாண வீட்டு அரட்டையை ஆபீசுக்குத் தூக்கிட்டு வராதே."

செல்வராஜா கெட்டவர் இல்லை. பெருமை பிடித்தவர், அவ்வளவுதான். காலையில் வந்ததும் அந்தக் கண்ணாடிகளைத் தன் சொந்தக் கைக்குட்டையால் துடைப்பார். கம்பெனி முத்திரை போட்ட சட்டையைத் தன் மச்சான் கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு வந்தவர். மாப்பிள்ளையைவிட அவர்தான் போட்டோவில் பளிச்சென்று இருந்தார்.

அப்பா ஓட்டிய கப்பல்

பெருமை என்றதும் எங்கப்பா ஞாபகம் வருகிறது. கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறேன்.

அப்பா எஸ்டேட்டில் டிரைவர். பழைய துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன அமெரிக்கக் கார் ஒன்று பங்களாவில் கிடந்தது. கார் என்றா சொன்னேன்? கப்பல். முன்பக்கம் வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்பக்கம் வரும். உள்ளே தோல் சீட்டும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை. எனக்கு இன்றைக்கும் அந்த வாசனை பிடிக்கும்.

எங்கள் லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். அதன்மேல் ரெண்டே ரெண்டு பலகை போட்ட பாலம். லோரி போகும், டிராக்டர் போகும், இந்தக் கப்பல் மட்டும் போகாது. சக்கரம் பலகைக்கு வெளியே நிற்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? கங்காணி வேலை பார்த்த மண்டோர் ஆள் பிடித்து, பாலத்தை உடைத்து, காருக்கு ஏற்ற மாதிரி அகலமாகக் கட்டினார்கள்.

"காருன்னா இதுதான்டி காரு. இதுக்காக ஊரே வழி விடுது பாரு" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்துவார்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். நாம காருக்காகப் பாலம் கட்டினோம், சரி. இந்தக் காரைச் செய்தவன் ஒருநாளாவது நம்ம பாலம் எவ்வளவு அகலம் என்று கேட்டானா? கேட்டால் அப்பா முறைப்பார். சரி, கார் பார்க்குக்கே திரும்புவோம்.

வால்டர் வந்தார்

கோவிட் எல்லாம் ஓய்ந்து ஊர் பழையபடி மூச்சு விட ஆரம்பித்த சமயம். சின்ன பிராஞ்சுகளைக் கிள்ளான் பிராஞ்சோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. சேர்த்தால் எங்கள் பிராஞ்சுக்குப் பூட்டு. பட்டறையில் ரிப்பேர் பார்க்கும் போர்மன்கள், நான், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் துப்புரவுக்கார மலாய் அக்கா எல்லோருக்கும் வேலை போகும். கஸ்டமர்கள் ஒரு ஆயில் மாற்றுவதற்குக் கூட ஜாமில் நின்று கிள்ளான் போகணும்.

அப்போதுதான் செய்தி வந்தது. டெட்ராய்ட் தலைமை ஆபீஸ்காரர், இந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் பொறுப்பானவர், மிஸ்டர் வால்டர், எங்கள் பிராஞ்சைப் பார்க்க வருகிறார்.

செல்வராஜா தரையில் கால் வைக்கவில்லை. "பரிசு கொடுக்கத்தான் வர்றார் ஜெயா! நம்ம மார்க்கைப் பார்த்துத்தான்!" தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலி சம்பால் வைத்த நாசி லெமாக், கறிபாப், வடை எல்லாம் ஆர்டர். கஸ்டமர்கள் மூணு பேரை அழைத்திருந்தார். அந்தோணி அண்ணன், பாக் சானி, செகிஞ்சான் லிம். மூணு பேரையும் வாசலிலேயே பிடித்து, "இன்னைக்கு ஒரு குறையும் அவர் காதுல விழக்கூடாது, பிராஞ்ச் உங்க கையில இருக்கு" என்று கெஞ்சிவிட்டார். மூணு பேரும் கோயிலில் சத்தியம் செய்கிற மாதிரி தலையாட்டினார்கள்.

வால்டர் ஒட்டடைக்குச்சி உயரம், வெள்ளை மீசை. ஆனால் கை மட்டும் போர்மன் கை. வந்ததும் நெத்திலி சம்பாலை அள்ளிச் சாப்பிட்டு, மூக்கில் நீர் ஒழுக, இன்னொரு பொட்டலம் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டது.

செல்வராஜா ஸ்லைடு போடுவதற்குள் மனுஷர் வெளியே கிளம்பிவிட்டார். "முதல்ல வண்டிகளைப் பார்க்கிறேன்." நேராகக் கஸ்டமர்கள் வண்டி நின்ற இடத்துக்கே போனார். மூணு வண்டி. மூணிலும் பின் கதவில் நீலக் கயிறு.

"இது என்ன?" என்றார்.

செல்வராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வாய் திறந்தது. அதிலிருந்து வந்த வார்த்தையை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"பிரேயர் சார். எங்க ஊர் வழக்கம். வண்டிக்கு ஆசீர்வாதக் கயிறு."

புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிற ஊர்தானே நம்ம ஊர், அந்தத் தைரியம். வால்டர் உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். "இது மிஸ்டர் லிம்முடையது, இது மிஸ்டர் சானியுடையது... எல்லா மதத்துக்கும் ஒரே கயிறா? எவ்வளவு அழகு!" தான் வந்த காருக்கும் ஒரு கயிறு கட்ட முடியுமா என்று கேட்டார்.

லிம் திரும்பி நின்று இருமினார். பாக் சானி முணுமுணுவென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், ஆண்டவனிடம்தான்.

அந்தோணி அண்ணன் முகம் சிவந்துவிட்டது. கதவு நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல அவர் தயார். எனக்காகப் பத்து பொய் சொல்வார். ஆனால் ஜெபக் கூட்டத் தலைவர் வண்டிக்கு மந்திரக் கயிறு கட்டுகிறார் என்று ஒரு பேச்சு ஃபாதர் காதுக்குப் போனால்?

"நோ சார்!" என்றார், பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில். "ஐ ஆம் கேத்தலிக். திஸ் ரோப் நோ பிரேயர். டோர் நோ குட்!"

மீதியைச் சொல்

செல்வராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

வால்டர் கயிற்றை அவிழ்த்தார். கதவைச் சாத்தினார். டமால் என்று திறந்து விழுந்தது. மறுபடி சாத்தினார், மறுபடி டமால். தொப்பியை எங்கேயோ வைத்துவிட்டு, "முடியாது" என்றார். "இந்தக் கொக்கி எல்லா டெஸ்டும் பாஸ் பண்ணினது. நானே பக்கத்தில் நின்றேன்." குரலில் கோபம் இருந்தது. பெருமை அடிபட்டால் எல்லா நாட்டுக்காரருக்கும் ஒரே முகம்தான்.

அப்புறம் அந்த நல்ல கால்சட்டையோடு தார்த் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கொக்கிக்குள் விரலை விட்டுச் சுரண்டினார். ஆரஞ்சுக் கலரில் நாரும் எண்ணெயும் பிசுபிசுவென்று வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"மணலில் டெஸ்ட் பண்ணினோம். பனியில் பண்ணினோம். கல், மரம் எல்லாம் ஏற்றிப் பார்த்தோம். இதை யாரும் நினைக்கவே இல்லை." அந்தோணி அண்ணனைப் பார்த்தார். "எவ்வளவு நாளாக?"

"வாங்கின நாளா சார்."

"பிறகு ஏன் எனக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தீர்கள்?"

அண்ணன் என்னைக் கை காட்டினார். "ஷீ இஸ் குட் கேர்ள், சார். ஷீ லூஸ் ஜாப்."

வால்டர் வண்டியின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை மறக்க மாட்டேன்.

"நான் இங்கே பரிசு கொடுக்க வரவில்லை. இந்த பிராஞ்சை மூடுகிறோம் என்று மரியாதையாக நேரில் சொல்ல வந்தேன். என் மேசையில் இருக்கிற விவரப்படி இந்த ஊரில் ஒரு குறையும் கிடையாது. குறை இல்லாத இடத்தில் எதற்கு இத்தனை ஆட்கள், இத்தனை வேலை? எங்கள் கம்பெனி ஒரு காலத்தில் முழுகப் பார்த்தது. அப்போதும் மேலிடத்துக்கு வந்ததெல்லாம் நல்ல செய்திதான்."

நான் மலாயில் மொழிபெயர்த்தேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. எங்களைக் காப்பாற்றுவதற்காக இவர்கள் கொடுத்த பத்துதான் எங்கள் கழுத்துக்கு வந்திருக்கிறது.

லிம்தான் முதலில் வாயைத் திறந்தார். அப்புறம் யார் மூடுவது? கை காலை ஆட்டி மலாயில் வெளுத்து வாங்கினார். நான் ஆங்கிலத்தில், "பின் கதவில் கொஞ்சம் பிரச்னை என்கிறார்" என்றேன்.

வால்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் ஒரு வரி சொல்கிறீர்கள். மீதி எங்கே? மீதியைச் சொல்லுங்கள்."

செல்வராஜாவைப் பார்த்தேன். அந்த மனுஷர் அந்த நிமிஷம் என்ன நினைத்தாரோ, "சொல்லு ஜெயா. எல்லாத்தையும் சொல்லு" என்றார்.

சொன்னேன். இந்தக் கதவைச் செய்தவன் ஜென்மத்தில் ஒரு உரமூட்டை தூக்கியிருக்கிறானா என்று லிம் கேட்டதைச் சொன்னேன். பின் சீட்டில் தன் வீட்டுக்காரி காலை மடக்கி உட்கார்ந்து, இறங்கும்போதெல்லாம் தன்னைத் திட்டுகிறாள் என்று பாக் சானி சொன்னதையும் சொன்னேன். குலை விழுந்து மோட்டார்க்காரன் திட்டின திட்டில் பாதியைச் சொன்னேன், மீதிக்கு ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை. பட்டறையிலிருந்து போர்மன்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர்கள் பங்குக்குக் கொட்டினார்கள். அத்தனை கல்யாணப் பந்தியில் நான் விழுங்கினதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. எவ்வளவு நிம்மதி தெரியுமா!

வால்டர் காதைக் கொடுத்துக் கேட்டார். வடையைக் கூட தொடவில்லை. புறப்படும்போது அந்தோணி அண்ணன் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எங்களிடம், "மூடுகிற பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். இனிமேல் எனக்கு உண்மை வரணும்" என்றார்.

குறை தேடி

கொஞ்ச மாதத்தில் புதுக் கொக்கி வந்தது, மேலே ரப்பர் மூடியோடு. எங்கள் ஊர் வண்டிகளுக்குத்தான் முதலில். இலவசமாகவே மாட்டினோம். பிராஞ்ச் இருக்கும் என்று கோலாலம்பூரிலிருந்து ஈமெயிலும் வந்தது. செல்வராஜா அதை வாசித்துவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதார். நானும் சும்மா இருக்கவில்லை, கூடவே அழுதேன்.

மார்க் ஏழுக்கும் ஆறுக்கும் இறங்கியது. முதல் ஆறு வந்த அன்று செல்வராஜாவுக்குக் காய்ச்சல். அப்புறம் பழகிவிட்டார். காலையில் கண்ணாடி துடைக்கிற நேரத்துக்குக் கவுண்டர் பக்கம் வந்து, "இன்னைக்கு யார் என்ன திட்டினாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் காலை, கடை திறந்ததும் திறக்காததுமாக அந்தோணி அண்ணன் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"தங்கச்சி, ஒரு குறை எழுதிக்கோ. ஹாரன் சத்தம் பத்தல."

வெளியே போய் அழுத்தினேன். எதிர்க் கடையில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸை நழுவவிட்டார்.

"அண்ணே, இதுக்கு மேல சத்தம் வேணும்னா கப்பல்ல இருந்துதான் கழட்டிட்டு வரணும்."

அண்ணன் தரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"புதுக் கொக்கி போட்டதுல இருந்து வண்டியில ஒரு குறையும் இல்ல ஜெயா. நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன். குறை இல்லேன்னா மூடிடுவோம்னு அந்த வெள்ளைக்காரன் சொன்னானே. எனக்கு ராத்திரி தூக்கமே வரல லா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்? அன்றைக்கு எனக்காகப் பத்து பொய். இன்றைக்கு எனக்காக ஒரு ஹாரன் பொய்.

"ஹாரனை எழுத மாட்டேண்ணே, அது பொய்" என்றேன். "முதல்ல உட்காருங்க. கோப்பி கொண்டாறேன். ரெண்டு பேருமா யோசிச்சா உண்மையா ஏதாவது குறை கிடைக்காமலா போயிடும்?"

கஸ்டமர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற கோப்பி. மெஷினில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. அப்புறம் மெல்ல, மெல்ல, அந்த முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, இதை மனுஷன் குடிப்பானா?"

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சத்தியமான குறை. அப்போதே எழுதி அனுப்பினேன்.